உடைந்த குடத்தையும் படம் எடுக்க வேண்டும்: மாணவர்களின் முப்பரிமாணக் கலைத் தொகுப்பு எதைக் காட்ட வேண்டும்?

இரவு பத்து மணி. நாளைக்கு ஸ்கூலில் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். தெருமுனை ஸ்டேஷனரி கடையிலிருந்து தெர்மாகோல் ஷீட், ஃபெவிகால், சார்ட் பேப்பர் எல்லாம் வந்தாச்சு. அப்பா கத்தியால் அறுக்கிறார். அம்மா ஒட்டுகிறார். அக்கா பெயின்ட் அடிக்கிறார். ப்ராஜெக்ட்டுக்குச் சொந்தக்காரப் பிள்ளை சோபாவிலேயே தூங்கிவிட்டது. மறுநாள் அந்த எரிமலைக்கு ‘வெரி குட்’ கிடைக்கும். ஒரு வாரத்தில் ஸ்டோர் ரூமுக்குப் போகும், பிறகு குப்பைக்கு.

தமிழ்நாட்டில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முப்பரிமாணக் கலையோடு ஏற்படும் முதல் பழக்கம் இதுதான். முடிந்த பொருள்தான் முக்கியம், யார் செய்தது என்பது முக்கியமில்லை என்று அந்த இரவு சொல்லிக்கொடுக்கிறது. பிளஸ் டூ முடித்து நுண்கலை, டிசைன் என்று போக நினைக்கும்போது இந்தப் பழக்கம் திரும்பி வந்து கடிக்கிறது. ஏனென்றால், ‘போர்ட்ஃபோலியோ கொண்டு வாங்க’ என்று கேட்கும் இடங்களில் பார்க்கப்படுவது பொருளை மட்டுமல்ல, அதைச் செய்த ஆளையும்தான்.

போர்ட்ஃபோலியோ என்றால் என்ன?

ஒரு மாணவர் தன் படைப்புகளைத் தேர்ந்தெடுத்து, படம் எடுத்து, வரிசைப்படுத்தி, சிறு குறிப்புகளோடு தரும் தொகுப்புதான் போர்ட்ஃபோலியோ. ஓவியம் என்றால் ஸ்கேன் செய்துவிடலாம். சிற்பம், மண்பாண்டம், கம்பி வேலை, காகிதக்கூழ் உருவம், அட்டை மாடல் என்றால் அதை எந்தப் பக்கத்திலிருந்து காட்டுவது என்பதே ஒரு கேள்வி.

‘தீம் போர்ட்ஃபோலியோ’ என்பது இன்னும் ஒரு படி மேலே. பத்து நல்ல பொருள்களைக் கொட்டிக் காட்டாமல், ஒரே விஷயத்தைப் பல படைப்புகள் வழியாகத் துரத்திப் போவது.

இதற்கான விதிகள் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும் ஓர் இடம், அமெரிக்காவின் காலேஜ் போர்டு நடத்தும் ஏ.பி. தேர்வுகளில் உள்ள ‘த்ரீ-டி ஆர்ட் அண்ட் டிசைன்’ பாடம். அதில் தேர்வறைக்குப் போய் எழுதும் பரீட்சை கிடையாது. ஆண்டு முழுக்கச் செய்த வேலையின் தொகுப்புதான் தேர்வு. 60 சதவீத மதிப்பு, ஒரே தேடலைத் தொடர்ந்து போனதைக் காட்டும் 15 படங்களுக்கு. மீதி 40 சதவீதம், மாணவரே தேர்ந்தெடுத்த 5 படைப்புகளுக்கு. ஒவ்வொரு படைப்பையும் இரண்டு கோணங்களில் காட்ட வேண்டும், ஆக 10 படங்கள்.

தமிழ்நாட்டு மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தத் தேர்வை எழுதப் போவதில்லை. ஆனாலும் இந்த விகிதம் கவனிக்க வேண்டியது. பளபளவென்று முடிந்த ஐந்தைவிட, தட்டுத் தடுமாறிப் போன பாதைக்கு அதிக மதிப்பு. அந்த 15 படங்களில் முடிந்த படைப்புகள் மட்டும்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பாதியில் நிற்கும் வேலையின் படமும், சோதனை முயற்சியின் படமும் இருக்கலாம்.

தீம் வேறு, கேள்வி வேறு

பெரும்பாலான தொகுப்புகள் சறுக்கும் இடம் தொடக்கத்திலேயே இருக்கிறது. ‘தீம் என்ன?’ என்று கேட்டால் ‘இயற்கை’, ‘பெண்மை’, ‘நீர்’, ‘நம் பாரம்பரியம்’ என்று பதில் வரும். எல்லாமே நல்ல சொற்கள்தான். ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று கை நிற்கும். ‘நீர்’ என்றால் ஒரு மீன், ஒரு துளி, ஒரு அலை, ஒரு வறண்ட நிலம். நான்கு பொருளோடு தீம் தீர்ந்துவிடும். அந்த நான்கும் ஒன்றோடொன்று பேசாது.

ஏ.பி. பாடம் 2019-20 கல்வியாண்டில் மாற்றி அமைக்கப்பட்டபோது, தொடர் தேடல் பகுதியில் மாணவரிடம் கேட்கப்படும் முதல் விஷயமே ‘உங்கள் வேலையை வழிநடத்திய கேள்வி எது?’ என்பதாகிவிட்டது. இந்த மாற்றம் சரியானது. தீம் ஒரு பெட்டி, அதற்குள் பொருள்களைப் போடலாம், அவ்வளவுதான். கேள்விதான் அடுத்த வேலைக்குத் தள்ளும்.

ஓர் உதாரணம்: வரிசையில் நிற்கும் குடங்கள்

சென்னை மாணவி ஒருவர் ‘நீர்’ என்ற தீமை எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் ஏறக்குறைய வற்றிப்போனபோது தெருவெங்கும் கலர் கலராக பிளாஸ்டிக் குடங்கள் நின்றதை அவர் சின்ன வயதில் பார்த்திருப்பார். உடனே ஒரு குடத்தை மண்ணில் செய்வார். குடம் குடம் மாதிரியே இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது.

இப்போது அவர் கொஞ்சம் கூர்ந்து யோசிக்கட்டும். தண்ணீர் லாரி வருவதற்கு முன்பே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ரேஷன் கடையில் பை, சில இடங்களில் செருப்பு, சில இடங்களில் வெறும் கல். யாராவது நடுவில் நுழைந்தால் ‘அது எங்க குடம், பின்னாடி போங்க’ என்று சத்தம் வரும். குடம் அங்கே பாத்திரமாக நிற்கவில்லை, ஆளாக நிற்கிறது.

கேள்வி கிடைத்துவிட்டது: ஆள் இல்லாத இடத்தில் ஒரு பொருள் எப்படி ஆளாக நிற்கிறது?

இனி வேலை தானாக நகரும். முதல் மண் குடத்தை அவர் உள்ளே குடையாமல் கெட்டியாகச் செய்திருப்பார், அது வெடித்துவிடும். இரண்டாவது முயற்சியில், வீட்டு பிளாஸ்டிக் குடத்தின் மேல் நியூஸ் பேப்பர் துண்டுகளை மைதா பசையில் ஒட்டி அச்செடுப்பார். கழுத்து குறுகல், வயிறு அகலம் என்பதால் காய்ந்த அச்சை இரண்டாக வெட்டித்தான் கழற்ற முடியும். மறுபடி ஒட்டினால் தழும்பு மாதிரி ஒரு கோடு தெரியும். அதை மறைக்கலாமா, விடலாமா? விட்டால், வயிற்றில் தையல் போட்ட ஓர் உடம்பு போல இருக்கிறது. அந்தத் தற்செயல் மூன்றாவது வேலைக்கு வழி காட்டும்.

நான்காவது, கம்பியால் குடத்தின் வெளிக்கோடு மட்டும். இப்போது உள்ளே ஒன்றுமில்லை என்பதே தெரிகிறது. ஐந்தாவது, ஏழு காகிதக் குடங்கள் ஒரே வரிசையில், நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியைப் பார்த்தால் யாரோ வரிசையை விட்டுப் போனது போலத் தோன்றும். ஆறாவது, குடமே இல்லாமல் தேய்ந்த ரப்பர் செருப்புகளும் கற்களும் மட்டும்.

இந்த வரிசையில் ‘அழகான குடம்’ ஒன்றுகூட இல்லாமல் போகலாம். ஆனால் பார்ப்பவருக்கு ஒரு மனது வேலை செய்த தடம் தெரியும். முதலில் வெடித்த மண் குடத்தின் படம் அந்தத் தொகுப்பில் இருந்தே ஆக வேண்டும். அது இல்லையென்றால் மற்றவை ஏன் வந்தன என்பது புரியாது.

பொருளும் பேச வேண்டும்

முப்பரிமாண வேலையில் எந்தப் பொருளில் செய்கிறோம் என்பது பாதிக் கருத்தைச் சொல்லிவிடும். குடத்தைக் காகிதத்தில் செய்தால் அதில் தண்ணீர் பிடிக்க முடியாது. அந்த முரண்பாடே ஓர் அர்த்தம். அதே குடத்தைத் தெர்மாகோலில் செய்து சில்வர் பெயின்ட் அடித்தால் ஷோகேஸ் பொம்மை. ஏ.பி. மதிப்பீட்டிலும் பொருள், செய்முறை, கருத்து மூன்றும் ஒன்றோடொன்று இசைந்திருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள்.

இந்தியச் சிற்பிகளில் இதற்குச் சிறந்த பாடம் மிருணாளினி முகர்ஜி (1949–2015). 1970-களிலிருந்து பல ஆண்டுகள் அவர் தடித்த நார்க்கயிற்றைத் தறியில்லாமல் கையாலேயே முடிச்சுப் போட்டு, ஆளுயர உருவங்களைச் செய்தார். செடியா, தெய்வமா, உடம்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத வடிவங்கள் அவை. பிறகு சுடுமண்ணுக்கும், அதன்பின் வெண்கலத்துக்கும் போனார். பொருள் இரண்டு முறை மாறியது, தேடல் மாறவில்லை. வளர்கிற ஒன்றின் உள் வேகத்தை எப்படி உருவமாக்குவது என்பதே கடைசி வரை அவருடைய கேள்வி. 2019-இல் நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகத்தில் அவருடைய வேலைகள் ஒன்றாக வைக்கப்பட்டன. ‘தீம்’ என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வெளிநாட்டு வீடியோதான் வேண்டும் என்பதும் இல்லை. ஐயனார் கோயில் குதிரைகளைச் செய்யும் வேளார்கள், மண்ணோடு மணலும் உமியும் கலப்பார்கள். குதிரையின் உள்பக்கம் வெற்றாக இருக்கும். காரணம் எளிது. கெட்டியான மண்ணின் உள்ளே தங்கும் ஈரம், சூளைச் சூட்டில் நீராவியாகி வெளியே வர வழியில்லாமல் உருவத்தையே உடைத்துவிடும். மாணவியின் முதல் குடம் வெடித்ததும் இதனால்தான். பக்கத்து ஊர் சூளையில் ஒரு நாள் உட்கார்ந்தால் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். உலர வைக்கும்போது வெயிலில் வைக்காமல் ஈரத்துணி போர்த்தி மெதுவாகக் காய வைப்பது, ஒட்டும் இடங்களை இரண்டு பக்கமும் கீறிவிட்டுக் குழைத்த மண்ணைத் தடவுவது போன்றவையும் அங்கே கிடைக்கும் பாடங்கள்தான்.

ஏன் இரண்டு கோணம்?

சென்னை மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அதை ஒரே இடத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனால் நான்கு பேர், ஒரு பாறை என்று முடிந்துவிடும். சுற்றி நடந்தால்தான் அந்த உடம்புகளின் சாய்வும், பாறையின் எடையும், முதுகின் இறுக்கமும் ஒவ்வொன்றாக வரும். சிற்பம் என்பது நடந்து பார்க்க வேண்டிய கலை. படத்தில் நடக்க முடியாது என்பதால்தான் இரண்டாவது கோணம் கேட்கிறார்கள்.

அந்த இரண்டாவது படம் முதல் படத்தின் நகலாக இருக்கக் கூடாது. முன்பக்கம் மூடிய குடம் என்றால், மேலிருந்து எடுத்த படத்தில் உள்ளே இருக்கும் வெறுமை தெரிய வேண்டும்.

இதற்கு டிஎஸ்எல்ஆர் கேமரா தேவையில்லை. சாதாரண செல்போனே போதும். மேசையில் வெள்ளை சார்ட் பேப்பரை வைத்து, பின்பக்கத்தைச் சுவரில் வளைத்து ஒட்டினால் மூலைக்கோடு தெரியாது. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழட்டும், ஃபிளாஷ் வேண்டாம். போனைப் பொருளுக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோனால் வடிவம் கோணலாகும். தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்வது நல்லது. அளவையும் பொருளையும் குறித்து வைக்க வேண்டும். இதையெல்லாம் கடைசி வாரத்தில் செய்ய முடியாது. மண் காயும், காகிதம் நசுங்கும், தம்பி தட்டிவிடுவான். வேலை நடக்கும் அன்றே படம் எடுத்தால்தான் உண்டு.

யாருடைய கை?

இங்கேதான் பெரியவர்கள் ஒதுங்க வேண்டியிருக்கிறது. போர்ட்ஃபோலியோ கோச்சிங் என்பது இப்போது ஒரு தொழில். நல்ல பயிற்சி தரும் இடங்கள் இருக்கின்றன. கூடவே, ஒரே மாதிரி தீம், ஒரே மாதிரி ஃபினிஷ், பாதிக்கு மேல் ஆசிரியரின் கை என்ற பழக்கமும் இருக்கிறது. பெற்றோருக்கும் அது பிடிக்கிறது. ‘இவ்வளவு ஃபீஸ் கட்டிருக்கோம், பாக்க நல்லா இருக்கணும்ல?’ என்பது நியாயமான கவலையாகவே தெரியும்.

ஆனால் அந்தத் தொகுப்பால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். நேர்முகத்தில் ‘இந்தக் கோடு ஏன் இங்கே இருக்கு?’ என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும். செய்த பிள்ளை பத்து நிமிஷம் பேசும். செய்யாத பிள்ளை சார்ட்டைப் பார்க்கும். ‘நிஃப்ட்’ போன்ற நிறுவனங்களின் பி.டெஸ் சேர்க்கையில் ‘சிச்சுவேஷன் டெஸ்ட்’ என்று பொருள்களைக் கையில் கொடுத்து அங்கேயே மாடல் செய்யச் சொல்வதும் இதற்காகத்தான். அங்கே அப்பா, அம்மா, கோச்சிங் சார் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

செயற்கை நுண்ணறிவு விஷயத்திலும் இதே அளவுகோல்தான். ஏ.பி. கலைப் பாடங்களில் படைப்பின் எந்தக் கட்டத்திலும் ஏ.ஐ. கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று காலேஜ் போர்டு தடை விதித்திருக்கிறது. கடுமையான விதி என்று சிலருக்குப் படலாம். ஆனால் பதினேழு வயதில் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டியது ‘அடுத்து என்ன?’ என்று தானே தீர்மானிப்பதை. அந்த இடத்தில் அப்பா உட்கார்ந்தாலும் ஏ.ஐ. உட்கார்ந்தாலும் விளைவு ஒன்றுதான்.

இது வசதியுள்ள பிள்ளைகளுக்கு மட்டுமா?

இந்த ஆட்சேபனையைத் தட்டிக் கழிக்க முடியாது. கேள்விக்குக் காசு வேண்டாம். ஆனால் நேரம் வேண்டும், இடம் வேண்டும், ‘உடைஞ்சா பரவாயில்ல, திரும்பச் செய்’ என்று சொல்ல ஒரு ஆசிரியர் வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஓவியம் உள்ளிட்ட பாடங்களுக்கு 2012-இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள். பல பள்ளிகளில் பரீட்சை நெருங்கினால் முதலில் காணாமல் போவது டிராயிங் பீரியட்தான். மொழியும் ஒரு தடை. தன் கேள்வியைத் தமிழில் அழகாகச் சொல்லும் பிள்ளை, அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ‘நேச்சர் இஸ் பியூட்டிஃபுல்’ என்று முடித்துவிடும். முதலில் தமிழில் எழுதிவிட்டு, பிறகு மொழிபெயர்க்கச் சொல்லிக்கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

நல்ல பக்கமும் இருக்கிறது. 2022-23 முதல் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழா, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேடை கொடுத்திருக்கிறது. ஆனால் போட்டி என்பது ஒரு நாள், ஒரு பொருள், ஒரு பரிசு. பரிசு வாங்கிய மாணவர் அதற்கு முன் என்ன செய்தார், அதன் பிறகு என்ன செய்தார் என்பதை யாரும் சேர்த்து வைப்பதில்லை.

இதை மாற்றப் பெரிய திட்டம் வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு அலமாரி, ஒரு செல்போன், ஒரு நோட்டு போதும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து செய்யும் ஒவ்வொரு முப்பரிமாண வேலையையும், உடைந்தது உட்பட, தேதியோடு படம் எடுத்து வைக்கலாம். பக்கத்தில் ‘என்ன செய்ய நினைத்தேன், என்ன ஆனது, அடுத்து என்ன’ என்று மூன்று வரி எழுதலாம். பிளஸ் டூ முடியும்போது அந்த மாணவரிடம் நான்கு வருடத் தொகுப்பு இருக்கும். எந்தக் கோச்சிங்கும் கடைசி மூன்று மாதத்தில் அதைத் தர முடியாது. மண் பிசையும் வீட்டிலிருந்தோ, கூடை முடையும் வீட்டிலிருந்தோ வரும் பிள்ளைக்கு அந்த நோட்டு இன்னும் முக்கியம். கையில் இருக்கும் திறமைக்கு இதுவரை சாட்சி இல்லாமல் இருந்தது, இனி இருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. அடுத்த முறை இரவு பத்து மணிக்கு ப்ராஜெக்ட் வரும்போது, கத்தியையும் பசையையும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். எரிமலை கோணலாக வரும். காலையில் பஸ்ஸில் ஒரு பக்கம் உடைந்தும் போகும். அதைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்தால், தொகுப்பின் முதல் பக்கம் அதுவாகவே இருக்கட்டும்.